2005 பென்ஸா, 2008 பென்ஸா? மாற்றியமைக்க எந்த ஆண்டு வண்டியை வாங்குவது?

காசிமேடு ஐஸ்காரன்:

வணக்கம். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகளுக்கு ஐஸ் ஏற்றும் தொழில் எனக்கு. விடியற்காலை மூன்று மணிக்குத் தொடங்கினால் பத்து மணிக்குள் வேலை முடிந்துவிடும். மீதிப் பொழுதில் விற்பனைக்கு வந்த கார்களைப் பார்ப்பதுதான் என் முழுநேரத் தொழில் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

காரணம் அப்பா. ராஜாஜி சாலையில் ஒரு கப்பல் ஏஜென்சி முதலாளிக்கு இருபத்திரண்டு ஆண்டுகள் ஓட்டுநராக இருந்தார். கடைசி ஐந்தாறு ஆண்டுகள் அவர் ஓட்டியது வெள்ளி நிற பென்ஸ் இ-கிளாஸ். நான்கு முட்டை வடிவ விளக்குகள் வைத்த டபிள்யூ 211 தலைமுறை. ஞாயிற்றுக்கிழமை அதைக் கழுவப் போகும்போது நானும் வாளி தூக்கிக்கொண்டு போவேன். பின்னிருக்கையில் ஒரு நிமிடம் உட்கார்ந்து பார்க்கிறேன் என்று எத்தனை முறை கேட்டாலும், "அது நம்முடையது இல்லை" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடுவார். இப்போது அவருக்கு 71 வயது. நம்முடையது என்று சொல்லி ஒரு முறை உட்கார வைக்க வேண்டும்.

இரண்டு வண்டிகள் கண்ணில் இருக்கின்றன. முதலாவது, பெரம்பூரில் 2005ஆம் ஆண்டு இ 220 சிடிஐ. 1,10,000 கிலோமீட்டர், மூன்றே முக்கால் லட்சம் கேட்கிறார்கள். இருக்கைத் தோல் புதிதுபோல இருக்கிறது. இரண்டாவது, கொளத்தூரில் 2008ஆம் ஆண்டு இ 280 சிடிஐ. 1,48,000 கிலோமீட்டர், ஐந்தரை லட்சம். என் கையில் மொத்தம் எட்டு லட்சம். மிச்சப் பணத்தில் வண்டியை இரண்டு அங்குலம் தாழ்த்தி, 19 அங்குல வீல் போட்டு, கண்ணாடிக்குக் கறுப்புப் பிலிம் ஒட்டி, டிக்கியில் பெரிய ஆம்ப்ளிஃபையர் வைத்து, சைலன்சரையும் கொஞ்சம் பேச வைக்கலாம் என்று திட்டம்.

இரண்டையும் காட்டிய தரகர், "ரெண்டும் ஒரே வண்டிதான், முகப்பு மட்டும் கொஞ்சம் மாறியது, மலிவானதை எடு" என்கிறார். உண்மையா?


வியாசர்பாடி பிஎம்:

பென்ஸை விடுங்கள். இதே பணத்துக்கு பிஎம்டபிள்யூ பாருங்கள். 2007 மார்ச்சில் இருந்து நம் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் மகேந்திரா சிட்டியில் கோத்த வண்டி. ஒரு வகையில் உள்ளூர்ப் பிள்ளை. ஸ்டீயரிங் பிடித்தால் வேறொன்றைத் தொட மனம் வராது.

ஆனால் அதிலும் ஆண்டு பார்க்க வேண்டும். 320டி, 520டி வண்டிகளில் என் 47 என்ற டீசல் எஞ்சின் வந்த ஆண்டுகளில் டைமிங் செயின் கியர்பாக்ஸ் பக்கமாக இருக்கிறது. தேய்ந்து சலசலக்கத் தொடங்கினால் எஞ்சினையோ கியர்பாக்ஸையோ இறக்காமல் கையே போகாது. அதற்கு முந்தைய எம் 47 அந்த விஷயத்தில் சாது. காலையில் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பி, பின்பக்கமாகக் காது வைத்துக் கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள்.


ராயபுரம் ஸ்பானர்:

தம்பிக்கு அப்பாவின் கதை பென்ஸில் இருக்கும்போது பிஎம்டபிள்யூவை எதற்கு நடுவில் இழுக்கிறீர்கள் என்று தெரியவில்லை. அவர் கேட்டது எந்த ஆண்டு என்று.

நான் ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் முப்பத்தோரு ஆண்டுகளாகச் சாவி பிடிக்கிறேன். தரகர் சொன்னதில் "முகப்பு மட்டும்" என்ற இரண்டு சொற்கள் பொய். 2006 நடுவில் அந்த வண்டியில் மாறியவற்றில் முக்கியமானது முகப்பே இல்லை, பிரேக்.

2002 முதல் 2006 நடு வரை வந்த டபிள்யூ 211இல் எஸ்பிசி என்ற மின்-ஹைட்ராலிக் பிரேக். பெடலை மிதித்தால் உங்கள் கால் நேராகப் பிரேக்கை அழுத்துவதில்லை. "மிதித்தார்" என்று கணினிக்குச் செய்தி போகிறது. மோட்டார் முன்னதாகவே ஏற்றிவைத்த அழுத்தத்தைக் கணினி நான்கு சக்கரங்களுக்கும் பங்கிட்டு அனுப்புகிறது. மின்சாரம் போனால் காலுக்கும் முன்சக்கரத்துக்கும் நேரடி வழி ஒன்று இருக்கிறது, ஆனால் பெடலில் ஏறி நின்று மிதிக்க வேண்டும். 2004 மே மாதம் இதற்காகவே உலகம் முழுவதும் 6,80,000 வண்டிகளை நிறுவனம் திரும்ப அழைத்துச் சரிபார்த்தது. பிறகு 2006 மாற்றத்தில் இ-கிளாஸில் இருந்து அதையே எடுத்துவிட்டு, பழையபடி கால் அழுத்தத்தைக் கூட்டும் வேக்கம் பூஸ்டர் வைத்த பிரேக்குக்குத் திரும்பினார்கள். புதியதை விட்டுப் பழையதுக்குப் போவது அந்தக் கம்பெனிக்கு லேசான காரியம் இல்லை. போனார்கள்.

அது கெட்ட பிரேக் என்று நான் சொல்லவில்லை. நன்றாக இருக்கும்போது அவ்வளவு இனிமையான பிரேக்கை நான் மிதித்ததில்லை. ஆனால் எஸ்பிசியின் பம்பும் கணினியும் உள்ள பெட்டி ஒவ்வொரு மிதியையும் எண்ணிக்கொண்டே வருகிறது. வைத்த கணக்கு நிறைந்ததும் பணிமனைக்குப் போ என்று மீட்டரில் செய்தி காட்டும். இந்தப் பெட்டி புதுப்பேட்டைப் பழைய உதிரிபாகக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் என்று ஒருவர் வந்து சொல்வார். பழைய பெட்டியை வாங்கினால் முந்தைய முதலாளி அண்ணா சாலை சிக்னல்களில் மிதித்த மிதியெல்லாம் கூடவே வீட்டுக்கு வரும். ஸ்கேனர் போட்டுப் படிக்காமல் யாரும் வாங்கக் கூடாது.

இன்னொன்று. அந்தப் பிரேக் மின்னழுத்தத்தை நம்பி வாழ்கிறது. அதற்காகவே முன்பக்கம் துணைக்கு ஒரு சிறு பேட்டரி வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட வண்டியின் டிக்கியில் ஆம்ப்ளிஃபையரைப் பூட்டி மின்சாரத்தை உறிஞ்ச நினைக்கிறீர்கள். உங்கள் பாட்டுக்கும் பிரேக்குக்கும் ஒரே கிணறு.

என் இடது மோதிர விரலில் நகம் கோணலாக இருக்கும். 2011இல் ஒரு மழை நாள், ஒரு 2004 வண்டிக்குப் பின்பக்கப் பேட் மாற்றிக்கொண்டிருந்தேன். எஸ்பிசியை ஸ்கேனரால் உறங்க வைத்துவிட்டுத்தான் பேடை அழுத்தும் காலிபரில் கை வைக்க வேண்டும். கையேட்டில் எச்சரிக்கை இருக்கிறது. ஆயிரம் பேட் மாற்றியவன் நான், கையேடு எதற்கு என்ற திமிர். கொட்டகைப் பையன் ரேடியோ போடலாம் என்று ஓட்டுநர் கதவைத் திறந்தான். அந்த வண்டிக்குக் கதவு திறந்தால் ஆள் வந்துவிட்டார் என்று அர்த்தம். பம்ப் ஓடி அழுத்தம் ஏற்றும். பானட்டுக்குள் தேனீ புகுந்ததுபோல "விர்ர்" என்று ஒரு சத்தம் கேட்டது. பிஸ்டன் வெளியே வந்தது. என் விரல் உள்ளே இருந்தது. தவறு முழுக்க என்னுடையது, வண்டி சொன்னபடிதான் செய்தது. ஸ்டான்லி மருத்துவமனையில் தையல் போட்டார்கள்.

அந்தச் சத்தத்தை வைத்தே நீங்கள் ஆண்டைக் கண்டுபிடிக்கலாம். ஆர்சி புத்தகத்தில் பதிவு 2007 என்று இருந்தாலும் தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள். கடையில் கிடந்து தாமதமாகப் பதிவான வண்டிகள் உண்டு. வண்டியைப் பூட்டிக் கால் மணி நேரம் விட்டு, ஓட்டுநர் கதவைத் திறந்து காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். விர்ர் வந்தால் எஸ்பிசி. வராவிட்டால் பானட்டைத் தூக்கி, ஓட்டுநர் பக்கம் தீச்சுவர் (எஞ்சின் அறையின் பின்சுவர்) ஓரமாகக் கறுப்பாக, உருண்டையாக, பறையை நிறுத்தி வைத்ததுபோல ஒரு பூஸ்டர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதுதான் நீங்கள் தேடும் ஆண்டு.

ஆகவே பெரம்பூர் வண்டி வேண்டாம். அதற்காகக் கொளத்தூர் வண்டியை ஓடிப்போய் வாங்கவும் வேண்டாம். இ 280 சிடிஐ நல்ல ஆறு சிலிண்டர் வி6 எஞ்சின்தான், இழுவைக்குக் குறையில்லை. ஆனால் அதன் ஆயில் கூலர் இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கும் நடுவே, டர்போவுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறது. அதன் ரப்பர் சீல் வெந்துபோனால் ஆயில் கசிந்து பின்னால் இறங்கும். பழைய சீல் ஆரஞ்சு நிறம், பின்னர் வந்த திருத்திய சீல் ஊதா. சீல் விலை ஒரு குடும்பம் பிரியாணி சாப்பிடும் செலவுகூட இல்லை. அந்த இடத்துக்குப் போய்ச் சேரும் கூலிதான் கல்யாணச் செலவு.

என்னைக் கேட்டால் 2007 முதல் 2009 வரை உள்ள இ 220 சிடிஐ. நான்கு சிலிண்டர், கைபோகும் எஞ்சின் அறை, பழைய ஐந்து கியர் ஆட்டோமேட்டிக். 2005இல் அதே 220க்கு 150 குதிரைத்திறன், 340 நியூட்டன் மீட்டர். 2006 மாற்றத்துக்குப் பின் 170, 400. திறனைக் கூட்ட எஞ்சின் கணினிக்குச் சிப் போட்டுப் பெற நினைப்பதில் பாதியைத் தொழிற்சாலையே போட்டுக் கொடுத்துவிட்டது. இதிலும் நோய் உண்டு. இன்ஜெக்டர் அடியில் உள்ள செம்பு வாஷர் கசிந்தால் தார் ஊற்றியதுபோல் கறுப்பாகக் கட்டிவிடும்; மேல்மூடியைக் கழற்றிப் பார்த்தால் தெரியும். கியர்பாக்ஸின் 13 பின் கனெக்டர் வழியாக ஆயில் ஏறி வயருக்குள் போகும். இவையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை, பயப்பட வேண்டாம்.

வீல் விஷயத்துக்கு வருகிறேன். இந்த வண்டிக்குத் தொழிற்சாலை 225/55 ஆர்16, அதாவது 16 அங்குல வீலுக்கான டயர் போட்டது. 245/45 ஆர்17, 245/40 ஆர்18 ஆகியவையும் அதே தொழிற்சாலை அளவுகள்தான். மூன்றின் மொத்த விட்டமும் 65 சென்டிமீட்டருக்குச் சற்று மேலே, கிட்டத்தட்ட ஒன்றே. ஆகவே மீட்டர் பொய் சொல்லாது. மாறுவது டயரின் பக்கச்சுவர். 16இல் 124 மில்லிமீட்டர், 17இல் 110, 18இல் 98. நீங்கள் தினமும் போவது எண்ணூர் விரைவுச் சாலை. கன்டெய்னர் லாரிகள் அழுத்தி அழுத்தி அந்தத் தாரில் போட்டிருக்கும் பள்ளத்தில் மழை நாளில் ஆட்டோ சக்கரம் காணாமல் போகிறது. 19 போட்டால் முதல் வாரமே வீல் சப்பையாகும். 17 போடுங்கள். ஐந்து போல்ட், போல்ட் வட்டத்தின் விட்டம் 112 மில்லிமீட்டர், நடுத்துளை 66.6, இந்த மூன்றும் பொருந்தாத வீலை வளையம் வைத்துச் சமாளிக்கலாம் என்பவரிடம் வாங்காதீர்கள்.

இரண்டு அங்குலம் தாழ்த்துவதா? தாழ்த்திவிட்டு கணேசபுரம் சுரங்கப்பாதைத் தண்ணீரில் என்ன செய்வீர்கள், படகுக்கு ஐஸ் போடுபவர் காரையும் படகாக்கப் போகிறீர்களா? முதலில் சஸ்பென்ஷன் புஷ், பால் ஜாயின்ட், நான்கு ஷாக் அப்சார்பர். கடற்காற்றில் நிற்கும் வண்டியில் ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று துருவேறி ஒடிவது நான் வாரம் ஒன்று பார்ப்பது. இத்தனையும் புதிதானால் வண்டி தானாகவே உங்கள் அப்பா ஓட்டியதுபோல் நிற்கும். அதற்குப் பிறகும் தாழ்த்தத் தோன்றினால் பேசுவோம்.


கொடுங்கையூர் சர்வேயர்:

ஸ்பானர் ஐயா பிரேக்கைச் சொன்னார், நான் காகிதத்தைச் சொல்கிறேன். காப்பீட்டு இழப்பை மதிப்பிடுவது என் வேலை, பதினான்கு ஆண்டுகளாக.

ஐஸ்காரரே, 2005 வண்டியின் விலை ஏன் இறங்கியிருக்கிறது என்று யோசித்தீர்களா? தனியார் காருக்கு முதல் பதிவு 15 ஆண்டு, பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில் இருபது வயதைத் தாண்டிய கார்களுக்கு 10,000 என்று ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி. 2005 வண்டி அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது. 2008 வண்டி 2023இல் புதுப்பித்திருந்தால் 2028 வரை ஓடும். புதுப்பித்தார்களா என்பதைத் தண்டையார்பேட்டையிலோ எந்த ஆர்டிஓவில் பதிவோ அங்கேயோ நேரில் பாருங்கள்.

மாற்றங்கள் பற்றி. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்து ஆர்சியில் பதிந்த விவரத்தில் இருந்து வண்டி மாறக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. அதே ஆண்டின் திருத்தம் 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் என்பதைக் கவனியுங்கள். உங்கள் பட்டியல் நீளம். கறுப்புப் பிலிம் 2012இல் இருந்தே கூடாது. நிறம் மாற்றலாம், அனுமதி வாங்கி ஆர்சியில் ஏற்றினால். ஐயா சொன்ன தொழிற்சாலை அளவு வீலுக்கு நான் எந்த அறிக்கையிலும் ஆட்சேபம் எழுத மாட்டேன். சத்தமிடும் சைலன்சரும் சொல்லாமல் செய்த மாற்றமும் இருந்தால், விபத்து நாளில் கம்பெனிக்குக் காரணம் தேட வேண்டிய வேலையே இருக்காது.

வட சென்னையில் ஆண்டு என்றால் எனக்குத் தயாரிப்பு ஆண்டு இரண்டாவது. முதலில் 2015, 2023. வெள்ளம் வந்த அந்த இரண்டு டிசம்பர்களிலும் வண்டி எங்கே நின்றது? சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். யாரும் கழுவாத இடம் அதுதான், சேற்றுக்கோடு இருக்கும். முன்னிருக்கையில் கால் வைக்கும் இடத்துக் கம்பளத்தைத் தூக்குங்கள். இருக்கைத் தண்டவாள போல்ட்டில் துரு, கனெக்டரில் பச்சை பூத்திருந்தால் நடையைக் கட்டுங்கள். இந்த வண்டிக்குப் பெரிய பேட்டரியே டிக்கியில்தான், அந்தப் பள்ளத்தையும் பாருங்கள். எர்ணாவூர்ப் பக்கம் 2023இல் நின்ற ஒரு வண்டியில் சேற்றோடு எண்ணெய்க் கறையும் சேர்ந்து இருந்தது. ஷாம்பு போட்டும் போகவில்லை.


காசிமேடு ஐஸ்காரன்:

அனைவருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

பெரம்பூர் வண்டியின் கதவைத் திறந்தேன். விர்ர். விற்பவர், "ஏசி சத்தம்" என்றார். சாவியே போடவில்லை, ஏசி எப்படி ஓடும் என்று கேட்டதற்குத் தேநீர் வரவழைத்தார்.

கொளத்தூர் வண்டியில் பூஸ்டர் இருந்தது. மகிழ்ச்சியோடு சீட் பெல்ட்டை இழுத்தேன். ஓட்டுநர் பக்கம் புதுப் பெல்ட். பின்பக்கம் நடுவில் உள்ளதை மட்டும் மாற்ற மறந்துவிட்டார்கள். கடைசி ஒரு முழத்தில் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் ஒரு கோடு, விரலால் தேய்த்தால் மணல். சர்வேயர் அம்மாவுக்கு என் வீட்டில் வஞ்சிரம் கடன்.

மூன்றாவதாக, திருவொற்றியூரில் ஒரு ஓய்வுபெற்ற மருத்துவரின் 2007 நவம்பர் தயாரிப்பு இ 220 சிடிஐ கிடைத்தது. 1,62,000 கிலோமீட்டர், பில்கள் எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில். 2015 டிசம்பரில் மகள் வீட்டுக்குக் கோயம்புத்தூர் போயிருந்ததற்கு அங்கே டயர் மாற்றிய பில் சாட்சி. 2023இல் முதல் மாடிப் பார்க்கிங்கில் நின்றது என்று அக்கம்பக்கத்தில் மூன்று பேர் சொன்னார்கள். பெல்ட் சுத்தம். இன்ஜெக்டர் ஒன்றில் மட்டும் லேசாகக் கறுப்பு. நான்கு லட்சத்து எண்பதாயிரத்துக்கு முடித்தேன். நிறம் வெள்ளி இல்லை, கடல்நீலம்.

அப்பாவைப் பின்கதவைத் திறந்து உட்காரச் சொன்னேன். அவர் சுற்றி வந்து ஓட்டுநர் கதவைத் திறந்து உட்கார்ந்து கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். பிறகு பெடலை ஒருமுறை மிதித்துவிட்டு, "இது அந்த பிரேக் இல்லையே" என்றார்.

ஸ்பானர் ஐயா, 17 அங்குல வீல் ஒரு செட் புதுப்பேட்டையில் பார்த்து வைத்திருக்கிறேன், நடுத்துளை அளந்துவிட்டேன். எப்போது கொண்டுவரலாம்?


ராயபுரம் ஸ்பானர்:

வீலை அங்கேயே விடுங்கள். ஞாயிறு காலை ஏழு மணிக்கு வண்டியோடு வாருங்கள், முதலில் இன்ஜெக்டர் வாஷர், பிறகு புஷ். அப்பாவையும் அழைத்து வாருங்கள். காலில் பிரேக்கைக் கண்டுபிடிப்பவரைப் பார்க்க வேண்டும்.